இரண்டு கை கல்லுப்பு

குளிர்ச்சி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். தாராவியில் எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். செம்பூரிலிருந்து குர்லா வரை பதினாறு கடைகள். மும்பையின் அக்டோபர் வெயிலில் வாளியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் மாவு பொங்கி, வாளியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிடும். அதை அடக்கி வைக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, மேலே இரண்டு கை கல்லுப்பைத் தூவி, அதற்குள் மாவு டப்பாவைப் புதைத்துவிடுவேன். உப்புப் போட்ட ஐஸுக்குத் தனி வீரியம். விரலை வைத்தால் சுரீர் என்று சுடும். மதியம் குர்லா கடையில் இறக்கும்போதுகூட மாவு அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். இதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் என்னை ஒருவழி பண்ணியது.

என் மனைவிக்கு நாலாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. அதற்கு முன்னால் அவள் காய்ச்சல் என்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கும் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் செம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு வண்டி போய்விட்டது. ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை. மூன்றாவது வண்டி வரும்போது அவள் கேட்டாள்.

"எங்கம்மைக்கும் இதான் இருந்திருக்குமோ?"

அவளுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது வயிறு வீங்கி இறந்துபோனவர் அவள் அம்மா. கல்லீரல் கெட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வெற்றிலைகூடப் போடாத ஒரு பெண்ணுக்கு அது ஏன் கெட்டது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் அடுத்த முறை போனபோது இதைச் சொன்னோம். அப்படித்தான் இருக்கும், பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து உனக்கு வந்திருக்கும் என்றார் அவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு இதற்கென்று யாரும் ஊசி போட்டதில்லை.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். பிரசவ நேரத்தில் அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் குழந்தைக்கு ஒட்டும். கைக்குழந்தைக்கு ஒட்டிவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருந்துவிடும். ஆனால் தடுக்கலாம். பிறந்தவுடன் இரண்டு ஊசி. ஒன்று தடுப்பூசி, அது குழந்தையின் உடம்பே எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். அதுவரை காவலுக்கு இன்னொரு ஊசி, இம்யூனோகுளோபுலின் என்று பெயர். அதில் எதிர்ப்பு ரெடியாகவே இருக்கும். இரண்டையும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதல் ஊசி செம்பூரில் அவர்களுடைய நர்ஸிங் ஹோமிலேயே இருக்கும். இரண்டாவதை நாங்கள் வெளியில் வாங்கி, பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவர்கள் பிரிட்ஜில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், அதில் பயமில்லை. இதையும் மூன்று தடவை சொன்னார். என் மனைவி மூன்று தடவையும் தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "எங்கம்மை பால்லதான் எனக்கு வந்திருக்கும்" என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். இல்லை என்று நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

இரண்டு வாரம் முன்பு வாங்கி வைக்கலாம் என்று நாங்கள் தேதி குறித்திருந்தோம். குழந்தை மூன்று வாரம் முன்பே கிளம்பிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வலி கண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு என் மகள் பிறந்தாள். பிரசவ அறையிலேயே ஒரு தொடையில் தடுப்பூசி போட்டாகிவிட்டது. இன்னொரு தொடைக்கு ஊசி இல்லை. ஞாயிறு என்பதால் நர்ஸிங் ஹோமுக்கு மருந்து கொடுக்கிற ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. டாக்டரம்மா ஏழெட்டு மெடிக்கல் ஷாப்களின் நம்பரை எழுதிக் கொடுத்தார். நர்ஸிங் ஹோம் வாசலில் நின்று ஒவ்வொன்றாக அடித்தேன். பாதிக் கடை ஞாயிறு திறப்பதில்லை, திறந்த கடையில் மருந்து இல்லை. மணி பத்தரை ஆனபோது மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர் தமிழிலேயே பதில் சொன்னார். ஒரே ஒரு குப்பி இருக்கிறது, எடுத்து வைக்கிறேன், வாருங்கள் என்றார்.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். மகள் பக்கத்தில் துணிச்சுருளாகக் கிடந்தாள். சிஸ்டர் பால் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த ஊசி போடாம நான் குடுக்க மாட்டேன்" என்றாள் மனைவி. சிஸ்டருக்குத் தமிழ் புரியாது, ஆனால் அவள் இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டிருந்தது புரிந்தது. சிஸ்டர் ஹிந்தியில் ஒரு பாட்டம் திட்டினார். இவள் அசையவில்லை. என்னைப் பார்த்து, "வெரசா வாங்க" என்றாள்.

ஞாயிறு என்றால் ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாளத்தில் பழுது பார்ப்பார்கள். வண்டி ஓடாது. ஆட்டோ பிடித்து சயான் போனேன். அதற்கு மேல் ஆட்டோவை விட மாட்டார்கள், டாக்ஸிதான். சயானில் இறங்கியதும் எனக்கு யோசனை வந்தது. ஊசி மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. இங்கிருந்து வீடு நடக்கிற தூரம். பெட்டி வீட்டில் சும்மாதானே கிடக்கிறது?

ஓடினேன். முனைக் கடையில் ஐஸ் வாங்கி, வீட்டுக்கு வந்து பெட்டியில் உடைத்துப் போட்டு, என் பழக்கப்படி இரண்டு கை கல்லுப்பைத் தூவினேன். சாதாரண நாளுக்கே இரண்டு கை. இன்றைக்கு என் மகளுக்காக. கொஞ்சம் தாராளமாகவே தூவினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மாட்டுங்கா கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, சலவைச் சட்டை. எங்கேயிருந்து வருகிறேன் என்று கேட்டார். தாராவி என்றேன். உடனே குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குச் சொல்வது மாதிரி சொல்ல ஆரம்பித்தார். அவர் எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஜெல் பேக்ல துணியைச் சுத்தித் தரேன். நேரா ஐஸ் மேல வைக்கப்படாது, கேட்டேளா? ஏன்னா..."

"எனக்குத் தெரியும் சார்."

"இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"சார், பத்து வருசமா நான் ஐஸ்லதான் கெடக்கேன். பில்லப் போடுங்க."

அவர் என்னையும் என் பெட்டியையும் பார்த்தார். மூடியை நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் உப்பைப் பார்த்திருப்பார், அப்போதே பிடுங்கி வைத்திருப்பார். நான் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, அந்தச் சின்ன அட்டைப் பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் முடிந்து, மாவு டப்பாவைப் புதைப்பது போல ஐஸுக்குள் புதைத்தேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். ஒரு இடம் விடாமல் ஒட்டினேன்.

டாக்ஸி சயானைத் தாண்டுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாலத்து வேலை நடக்கிறது என்று ஒரே நெரிசல். மடியில் பெட்டி ஜில்லென்று இருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல். நர்ஸிங் ஹோமுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. பிறந்து ஆறு மணி நேரம் இருபது நிமிடம். பாதி நேரம் மிச்சம் வைத்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியை மேஜையில் வைத்தேன்.

சிஸ்டர் டேப்பைப் பிரித்து, குப்பியை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. தலைகீழாகப் பிடித்தார். அப்போதும் அசையவில்லை.

"யே தோ ஜம் கயா!" என்றார். உறைந்துவிட்டதாம்.

எனக்கு முதலில் அது கெட்ட செய்தி என்றே உறைக்கவில்லை. மாவு உறைந்தால் வெளியில் வைத்து இளகவிட்டு இட்லி ஊற்றுகிறோமே. இதையும் கையில் வைத்து இளக்கிவிடலாமே என்று என் ஹிந்தியில் சொன்னேன். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஒரு தடவை உறைந்தால் மருந்து கெட்டது, இளகினாலும் அதை நம்பிக் குழந்தைக்குப் போட முடியாது என்றார். பெட்டிக்குள் விரலை விட்டு, நக்கிப் பார்க்காத குறையாக உப்பைத் தடவிப் பார்த்தார். "குல்ஃபி பனாயா க்யா?" என்று கேட்டார். குல்ஃபி ஐஸா செய்தாய் என்று.

உள்ளே என் மகள் அழுதுகொண்டிருந்தாள். பசி அழுகை. கதவு பாதி திறந்திருந்தது. என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். வெட்கமெல்லாம் பிறகுதான் வந்தது. அப்போது இருந்தது வெறும் பயம். அவளிடம் சொல்லாதீர்கள் என்று சிஸ்டரைக் கெஞ்சினேன். முதலில் இன்னொன்று கொண்டு வா என்று அவர் கதவைச் சாத்தினார்.

மாட்டுங்காக்காரருக்குப் போன் போட்டேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், ஒரு நாளும் திரும்பிப் போய்க் கேட்டதில்லை. உப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் அப்பவே சொன்னேனே என்று இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"கொழந்தை பொறந்து எத்தனை மணி ஆச்சு?"

"ஆறரை, சார்."

"நேரம் இருக்கு. போனை வையுங்கோ. நான் கூப்பிடறேன்."

இருபது நிமிடம். நர்ஸிங் ஹோம் வாசல் படியில் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். போன் வந்தது. முலுண்டில் அவருக்குத் தெரிந்த ஒருவர் கடையில் இருக்கிறதாம். ஞாயிறு இரண்டு மணிக்கு அடைத்துவிடுகிற கடை. "நீங்க வர வரைக்கும் தொறந்து வச்சிருக்கச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "உங்க பெட்டியை எடுத்துண்டு போகாதேங்கோ. அவர் கட்டித் தரதை அப்படியே கொண்டாங்கோ" என்றார். சரி சார் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக நான் ஒரு சரி சார் சொன்னதில்லை.

ஆட்டோவில் முலுண்ட் போகிற வழியில் மனைவி கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீய?"

"வந்துக்கிட்டே இருக்கேன். மெகா பிளாக்கு. ரோடு பூரா டிராபிக்."

மெகா பிளாக் உண்மை. டிராபிக்கும் உண்மை. இருந்தாலும் நான் சொன்னது பொய். பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டது. காலையில் கேட்ட சத்தம் இல்லை, கம்மிப்போயிருந்தது.

"பாலக் குடேம்ட்டி. டாக்டரம்மாதான் சொன்னாவல்லா, ஒண்ணும் செய்யாதுன்னு."

"நீங்க ஊசியக் கொண்டாங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

ஹைவேயில் ஆட்டோ போய்க்கொண்டே இருந்தது, முலுண்ட் வந்தபாடில்லை. வயிறு வீங்கிச் செத்துப்போன, நான் பார்த்தே இராத அந்த மாமியாரை நினைத்தேன். அவர் தெரியாமல் கொடுத்தார். என் மனைவியிடம் இருப்பது தெரியும், தடுக்கவும் வழி இருக்கிறது, மருந்தும் கைக்கு வந்தது. நான்தான் அதை உப்புப் போட்டுக் கெடுத்தேன். நாளைக்கு என் மகளுக்கு அது வந்தால் அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் ஊர் சொல்லும். என்னிடமிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

முலுண்ட் கடைக்காரர் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டுக் காத்திருந்தார். ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்தை அதில் படாமல் வைத்து, ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். தெரிந்ததையும் தெரியாத மாதிரியே கேட்டேன்.

திரும்பி வரும்போது காட்கோபரில் ஏதோ ஊர்வலம். சிஸ்டர் குப்பியைச் சாய்த்தபோது மணி ஐந்து இருபது. உள்ளே மருந்து தண்ணீராக ஒரு பக்கம் சரிந்தது. இன்னொரு தொடையில் ஊசி ஏறியது. மகள் வீறிட்டாள். மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு பிள்ளையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஏழு பத்துக்கு இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருந்தது. நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பலித்ததா இல்லையா என்று பார்க்க ஒன்பது மாதம் ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று மற்ற தடுப்பூசிகளையெல்லாம் நாள் தவறாமல் போட்டோம். பன்னிரண்டு மணிக்குள் போட்டாகிவிட்டது என்று ஒரு மனம் சொல்லும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றாரே, நீ நாலு மணி நேரத்தை ஐஸில் போட்டாயே என்று இன்னொரு மனம் சொல்லும். பகலில் முதல் மனம் பேசும். சாயங்காலம் ஆனால் இரண்டாவது ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீட்டுக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டும். அந்த வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் மகளைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்குப் போய், வெயில் விழுகிற இடத்தில் நின்று கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிள்ளைக்குக் காற்று காட்டினேன் என்று வீட்டில் சொல்வேன். ஒருநாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பார்த்தால் மனைவி அதே இடத்தில் நின்று பிள்ளையின் இமையை விரலால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "காத்து வாங்க வந்தோம்" என்றாள்.

அவள் பிள்ளைக்கு முத்தம் கொடுக்கவே மாட்டாள். முத்தத்தால் வராது என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. தலையை மோந்து பார்ப்பதோடு சரி. மற்றபடி குளிப்பாட்டுவாள், கொஞ்சுவாள், பாட்டுப் பாடுவாள். உதடு மட்டும் கன்னத்துக்கு ஒரு விரல் தள்ளி நின்றுவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி சந்து முனைக்குப் போய்விடுவேன்.

ஐஸில் உப்புப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். ஏப்ரலில் இரண்டு தடவை மாவு புளித்துக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். உப்பு ஏன் போடவில்லை என்று மனைவி கேட்டாள். உப்புப் போட்டால் டப்பா துருப்பிடிக்கிறது என்றேன். எங்கள் டப்பா பிளாஸ்டிக். அவள் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்பது மாதம் முடிந்து ஜூலையில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கப் போன அன்று மழை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் அவர் மேஜையில் இருந்த பேனாக்களையெல்லாம் எண்ணிவிட்டேன். அப்புறம் சிரித்தார். குழந்தைக்கு வரவில்லை, எதிர்ப்பும் நன்றாக உண்டாகியிருக்கிறது, இனி கவலை வேண்டாம் என்றார். மனைவி சிரிக்கவில்லை. மகளை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"மேடம், அன்னைக்கு அந்த ரெண்டாவது ஊசிக்கு முன்னாலயே பால் குடுத்திருந்தா ஏதும் ஆகியிருக்குமா?"

"அப்பவே சொன்னேனேம்மா. பாலால ஒண்ணும் ஆகாது. ஊசிக்கு முன்னாடியும் குடுக்கலாம், பின்னாடியும் குடுக்கலாம்."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

செம்பூர் ஸ்டேஷனில் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். மழையில் வண்டிகள் தாமதம். மகள் என் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"மூணு மணி வரைக்கும் பொறுத்தேன்" என்றாள் மனைவி, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு. "நீங்க வரவே இல்ல. பிள்ள கத்திக் கத்தித் தொண்ட அடைச்சுப்போச்சு. பொறுக்கல, குடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லப் பயம். ஒம்பது மாசமா, அதுக்கு ஏதும் வந்தா நான்தான் பால்ல குடுத்தேன்னு நெனச்சு நெனச்சு..."

ஒரு வண்டி வந்து நின்று போனது. இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதனே இல்லை.

"ஒன்ற மணிக்கே ஊசியக் கொண்டாந்துட்டேன்ட்டி" என்றேன். பெட்டி, ஐஸ், மாட்டுங்காக்காரர் சொல்லச் சொல்லக் கேட்காமல் வந்தது, சிஸ்டர் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தது, முலுண்ட் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உப்பையுமா போட்டீய?"

"ரெண்டு கை."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டத்தான் வாயெடுத்தாள் என்றும் நினைக்கிறேன். இரண்டாவது வண்டியும் வந்து போனது. அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா சேந்து பயந்திருக்கலாம்லா" என்றாள்.

பிறகு மகளை என் மடியிலிருந்து வாங்கி, கன்னத்தில் உதட்டை அழுத்தி முத்தம் கொடுத்தாள். ஒரு கன்னம், மறு கன்னம், நெற்றி, மறுபடி முதல் கன்னம். ஒன்பது மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொடுத்தாள். மகள் எரிச்சலில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இவள் விடவில்லை. மூன்றாவது வண்டி வந்தது. அதிலும் நாங்கள் ஏறவில்லை.